இருக்கிறது, ஆனால் தெரியவில்லை



"மேட்டூரில் தண்ணீர் இருக்கிறது" என்பதும் "என் வயலில் தண்ணீர் இருக்கிறது" என்பதும் ஒன்றல்ல. டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் கல்லணையில் பிரித்துவிட வேண்டும், கால்வாய்த் தலைப்பில் மதகு தூக்க வேண்டும், நடுவில் யாரும் மறிக்கக் கூடாது. பேராவூரணிப் பக்கத்துக் கடைமடைக்காரர் "தண்ணி வரல" என்றால் அணை வற்றிவிட்டது என்று பொருளில்லை. வழியில் எங்கோ ஒரு கதவு மூடியிருக்கிறது என்றுதான் பொருள்.

கம்ப்யூட்டரிலும் இதே புகார் உண்டு. மென்பொருள் எழுதும் பிள்ளைகள் எடிட்டர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நிரல் எழுதுவதற்கான நோட்டுப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாத வசதி வேண்டுமென்றால் ப்ளக்-இன் ஒன்றை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். தமிழில் செருகுநிரல் என்கிறார்கள். "போட்டாச்சு, போட்டாச்சுன்னுதான் அதுவும் சொல்லுது, ஆனா மெனுவில காணோம்" என்று அவர்கள் தலையைச் சொறியும்போது எனக்குச் சிரிப்பு வரும். இருபது இருபத்தைந்து வருடங்களுக்கு முன் அரசு அலுவலகங்களிலும் டி.டி.பி. கடைகளிலும் நாம் சொன்ன வசனம்தான் அது. "ஃபான்ட் போட்டாச்சு, தமிழ் வரல."

இரண்டும் ஒரே நோய். அந்தப் புகாரின் வழியாகத் தமிழ் கம்ப்யூட்டருக்குள் வந்த கதையைச் சொல்லிப் பார்க்கிறேன். அதைச் சொல்வதற்கு ஒரு காரணமும் உண்டு. நம் வீட்டு அலமாரிகளில் கிடக்கும் பழைய சி.டி.க்களைப் பற்றியது அது.

முதலில் நோயைப் பார்ப்போம். செருகுநிரல் ஒன்று போட்டும் தெரியாமல் போனால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். எடிட்டர் தேடுகிற இடத்தில் அது இல்லை. அல்லது இடம் சரி, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாத வகை. அல்லது இடமும் சரி வகையும் சரி, அனுமதி தரப்படவில்லை.

நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் என்று ஓர் இலவச எடிட்டர் 2003 முதல் இருக்கிறது. நம் பக்கத்துக் கல்லூரிகளிலும் பிள்ளைகள் நிறைய பயன்படுத்துவார்கள். 2018 இறுதியில் வந்த அதன் 7.6 பதிப்பில் ஒரு விதியை மாற்றினார்கள். அதுவரை செருகுநிரல் கோப்பை அதற்கான பொது அடைவில் அப்படியே போட்டால் போதும். புதிய பதிப்பில் ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரிலேயே தனி அடைவு வேண்டும், அதற்குள்தான் கோப்பு இருக்க வேண்டும். அந்த அடைவுகள் எங்கே இருக்க வேண்டும் என்பதும் அடுத்தடுத்த சில வெளியீடுகளில் மாறியது. உலகம் முழுவதும் பலருக்குச் செருகுநிரல்கள் ஒரே நாளில் காணாமல் போயின. எந்தக் கோப்பும் கெடவில்லை, யாரும் அழிக்கவுமில்லை. வீட்டு எண் மாறிவிட்டது, தபால்காரர் பழைய கதவைத் தட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இரண்டாவது காரணத்துக்கும் அதே எடிட்டரில் உதாரணம் உண்டு. 64 பிட் எடிட்டருக்குள் 32 பிட் செருகுநிரல் ஏறாது. மூன்றாவதற்கு மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ கோடு உதாரணம். 2021 முதல், முன்பின் தெரியாத அடைவு ஒன்றைத் திறந்தால் "இதை எழுதியவரை நம்புகிறீர்களா?" என்று அது கேட்கிறது. நம்பிக்கை தரும்வரை பல நீட்சிகளை முடக்கி வைத்துவிடும். போட்டது போட்டபடி இருக்கும், வேலை செய்யாது.

இடம், வகை, அனுமதி. இந்த மூன்று கதவுகளையும் மனதில் வைத்துக்கொண்டு நம் கதைக்கு வாருங்கள்.

நம் தலைமுறை யளனக என்று விரல் பழகியது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில். கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை எங்கே போனாலும் மாடியில் ஒன்று தடதடவென்று கேட்டுக்கொண்டிருக்கும். டைப்ரைட்டரில் இந்த "இருக்கிறது, தெரியவில்லை" என்ற சங்கடமே கிடையாது. அச்சு இரும்பில் இருக்கிறது, அடித்தால் தாளில் விழுகிறது. அடித்த தாளை யார் எடுத்துப் பார்த்தாலும் அதே எழுத்துதான்.

கம்ப்யூட்டர் அப்படியில்லை. அதற்குள் எழுத்து கிடையாது, எண்தான் உண்டு. இந்த எண்ணுக்கு இந்த வடிவம் என்று திரையில் வரைவது ஃபான்ட். அக்காலத்து ஃபான்ட்டில் மொத்தம் 256 இடம்தான். ஆங்கிலமும் குறியீடுகளும் முதல் பாதியை எடுத்துக்கொண்டிருந்தன. தமிழுக்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எண் ஏதும் இல்லை. எனவே தமிழைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தவர்கள் ஆளுக்கொரு வழி கண்டார்கள்.

அவர்களை நன்றியோடு சொல்ல வேண்டும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை என்ற ஃபான்ட்டை உருவாக்கி இலவசமாகத் தந்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பின்னால் இருந்தவரும் அவரே. சங்க நூல்களை வீட்டிலிருந்தபடி இலவசமாகப் படிக்க முடிகிறதென்றால் அதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் முறையை உருவாக்கினார். 1995-இல் இணையத்தில் தமிழ் ஏறியதிலும் 1997-இல் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியதிலும் அவர் முன்நின்றார். இரண்டே வருடங்களில், 1999-இல், காலமாகிவிட்டார். ஈழத் தமிழர்களிடையே பாமினி என்ற ஃபான்ட் பரவியது. நம் பக்கத்து டி.டி.பி. கடைகளுக்கும் அது வந்து சேர்ந்தது.

எல்லாமே நல்ல முயற்சிகள். ஆனால் ஒவ்வொன்றிலும் எண் வேறு. பாமினியில் 'தமிழ்' என்று அடித்து, அந்தக் கோப்பை பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலத்தில் தெரியும். காரணம், கோப்புக்குள் இருப்பதே அந்த ஆங்கில எழுத்துகள்தான். பாமினி அவற்றுக்கு வேஷம் கட்டி விட்டிருந்தது. வேஷத்தைக் கழற்றினால் கூத்துக்காரர் பக்கத்து வீட்டு ஆள்தானே!

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இதை வாராவாரம் பார்த்திருக்கிறேன். மேலிடத்திலிருந்து ஃப்ளாப்பியில் சுற்றறிக்கை வரும். திறந்தால் ஏதோ ரகசிய மொழி போலிருக்கும். போன் செய்தால் "எங்களுக்கு நல்லாத்தானே தெரியுது" என்பார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. கடைசியில் தாளில் அச்சிட்டு பஸ்ஸில் ஆள் மூலம் அனுப்புவார்கள். நாங்கள் அதை மறுபடி டைப் செய்துகொள்வோம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதையொட்டித் தமிழக அரசு ஒரு பொது விசைப்பலகையையும், டேப், டேம் என்ற இரு குறியீட்டு முறைகளையும் ஏற்றுக்கொண்டது. டேப் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தது, டேம் தமிழுக்கு மட்டும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம், தேவையான இடத்தில் புள்ளி தானாக விழும் என்று அந்த விசைப்பலகையைச் சிறப்பாகவே அமைத்திருந்தார்கள். ஆனால் டைப்ரைட்டரில் பழகிய விரல்கள் அவ்வளவு சுலபமாக மாறுமா? மென்பொருள்களில் டைப்ரைட்டர் முறை, புதிய முறை, ஆங்கில ஒலிப்பு முறை என்று மூன்றையும் கொடுத்து நம்மைச் சமாதானப்படுத்தினார்கள். இன்னொரு பக்கம், இணையத்தில் கூடிய தமிழர்கள் டிஸ்கி என்று தனிக் குறியீடு ஒன்றை வகுத்திருந்தார்கள். ஆக, பொதுவுக்குள்ளும் இரண்டு மூன்று பொது!

நிலையான தீர்வு யூனிகோடு. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் ஏற்பாடு அது. 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். இனி 'அ'வின் எண் தஞ்சாவூரிலும் டொராண்டோவிலும் ஒன்றுதான். ஆனால் எண் ஒதுக்கினால் மட்டும் போதுமா? மறுபடியும் அதே மூன்று கதவுகள்.

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 2000-இல்தான் யூனிகோடு தமிழும் லதா என்ற ஃபான்ட்டும் சேர்ந்து வந்தன. அடுத்து வந்த எக்ஸ்.பி. நம் ஊரில் பல வருடம் ஆட்சி செய்தது. அதிலும் லதா இருந்தது. ஆனால் தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமானால் கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்று அங்கிருந்த கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். டிக் செய்தால் விண்டோஸ் சி.டி.யைக் கேட்கும். கடைக்காரர் போட்டுக்கொடுத்த கம்ப்யூட்டரில் சி.டி. ஏது? தமிழ் வீட்டுக்குள்ளேயே இருந்தது, பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் "என் கம்ப்யூட்டரில் தமிழ் இல்லை" என்று நம்பியது அந்த ஒரு டிக் இல்லாததால்தான்.

ஏன் தமிழைச் சிக்கலான எழுத்து என்றார்கள்? 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். பழைய ஃபான்ட்டுகளில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக அடிப்போம். யூனிகோடில் நாம் உச்சரிக்கிற வரிசை. முதலில் க, பிறகு ஒகரக் குறி. கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் கொண்டுபோய் வைப்பது கம்ப்யூட்டரின் வேலை. அதற்கென்று ஒரு தனி மென்பொருள் பகுதி உண்டு. அது இயங்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும்.

படிப்பதற்கு ஆயிற்று, அடிப்பதற்கு? 2000-களின் தொடக்கத்தில் இ-கலப்பை என்ற இலவசக் கருவி வந்தது. பெயரைக் கேட்டதும் நமக்கெல்லாம் ஒரு பாசம்! ஆங்கில விசைகளில் அம்மா என்று ஒலிப்படி அடித்தால் தமிழில் அம்மா வரும். பின்னாளில் சென்னையிலிருந்து என்.எச்.எம். ரைட்டர் வந்தது. இவை எல்லாமே ஒருவகையில் செருகுநிரல்கள்தான். விண்டோஸ் என்ற வீட்டில் தமிழ் விருந்தாளி மாதிரி. வீட்டுக்காரர் கதவைத் திறக்க வேண்டும்.

எல்லா வீட்டுக்காரர்களும் திறக்கவில்லை. அச்சகங்களில் கோலோச்சிய பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. நீங்கள் எவ்வளவு சரியாக அடித்துக் கொடுத்தாலும் அங்கே ஒட்டினால் தமிழ் வராது. அதனால்தான் கும்பகோணத்து அச்சகங்களும் தஞ்சாவூர் டி.டி.பி. கடைகளும் யூனிகோடு வந்து பல வருடங்கள் ஆன பிறகும் பழைய ஃபான்ட்டிலேயே கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான், தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது. அதற்குப் பிறகு கைப்பேசி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. இன்று பேத்தி வாட்ஸ்அப்பில் தமிழ் அனுப்புகிறாள். ஃபான்ட் என்றால் என்ன என்றே அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. விருந்தாளி வீட்டு ஆளாகிவிட்டார்.

இப்போது அலமாரிக்கு வருகிறேன்.

ஏறக்குறைய 1990 முதல் 2010 வரை, இருபது வருடங்கள், நம் ஊர்களில் கம்ப்யூட்டரில் அடித்த தமிழில் பெரும்பகுதி பழைய ஃபான்ட்டுகளில்தான் இருக்கிறது. கும்பாபிஷேக மலர்கள், பள்ளி நூற்றாண்டு மலர்கள், பாசன சங்கத் தீர்மானங்கள், குடும்ப வரலாறுகள், பாகப்பிரிவினை நகல்கள். தாளில் அச்சானவை பிழைத்துக்கொள்ளும். அச்சாகாதவை?

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் கும்பாபிஷேக மலருக்கு, ஒரு பெரியவர் ஊரின் குளங்கள், வாய்க்கால்கள், வயல்களின் பழைய பெயர்களைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தார். மலரில் இடம் போதாமல் பாதிதான் போட்டார்கள். அவர் இன்று இல்லை. முழுக் கட்டுரை ஒரு சி.டி.யில் மட்டும் இருந்தது. கோப்பு திறந்தது, எழுத்து மட்டும் புரியவில்லை. பாமினியைப் போட்டுப் பார்த்தார்கள், உளறியது. "கெட்டுப்போச்சு" என்று தூக்கிப்போடுகிற நிலையில் என்னிடம் வந்தது.

நான் பழைய வாய்க்கால் லஸ்கர் மாதிரி, கடைமடையிலிருந்து தலைப்பு வரை ஒவ்வொரு மதகாகப் பார்த்துக்கொண்டு போனேன். சி.டி. படிகிறதா? படிகிறது. கோப்பு முழுதாக இருக்கிறதா? இருக்கிறது. எந்த மென்பொருளில் செய்தது? பேஜ்மேக்கர். அது இன்னும் இயங்குகிற பழைய கம்ப்யூட்டர் தெரிந்தவர் அச்சகத்தில் ஒன்று இருந்தது. அங்கே திறந்தபோது சிறு பெட்டி ஒன்று வந்தது. இந்தக் கோப்புக்கான இன்ன ஃபான்ட் இங்கே இல்லை, பதிலாக வேறொன்றைப் போடுகிறேன் என்ற அறிவிப்பு. எல்லோரும் ஓ.கே. அழுத்திக் கடந்துபோகிற பெட்டி. நாங்கள் தேடிய விடை அதில்தான் இருந்தது. ஃபான்ட்டின் பெயரைக் குறித்துக்கொண்டு, மலரை அன்று வடிவமைத்தவரைத் தேடிப் பிடித்து, அவர் பரணிலிருந்து அந்த ஒரு ஃபான்ட் கோப்பை வாங்கிவந்து போட்டதும், பதினோரு பக்கமும் தமிழாக எழுந்து நின்றன. பத்திருபது வயல்களின் பெயர்கள் எனக்கே புதியவை. அவற்றை அறிந்தவர் இன்று ஊரில் எவருமில்லை.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. சரசுவதி மகாலில் மராட்டியர் காலத்து மோடி ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. தாள் இருக்கிறது, மை இருக்கிறது, செய்தி இருக்கிறது. மோடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். நம் தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டதால்தான் அரண்மனைச் செலவும் சம்பளமும் சந்தை விலையும் நாம் படிக்கிற செய்திகளாயின. ஒரு எழுத்துமுறை அறிந்தவர்கள் குறைந்துபோக அங்கே நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நம் ஃபான்ட்டுகளுக்கு இருபது வருடமே போதுமானதாக இருக்கிறது.

ஆகவே உங்கள் வீட்டுக் கோப்பு திறந்து, தமிழ் தெரியாவிட்டால் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக உளறினால் அது பழைய ஃபான்ட், பொருள் உள்ளே பத்திரமாக இருக்கிறது. வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் யூனிகோடு தமிழ்தான், அந்தக் கம்ப்யூட்டரில் ஃபான்ட் இல்லை. கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் எழுத்தைக் கோத்து வைக்கும் பகுதி இயங்கவில்லை. இந்த மூன்றும் பிழைக்கும். கேள்விக்குறி கேள்விக்குறியாகத் தெரிந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். யாரோ அந்தக் கோப்பைத் தமிழ் தாங்காத முறையில் சேமித்திருக்கிறார்கள், எழுத்து போயே போய்விட்டது. அப்போது வேறு பிரதி இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.

வேர்டு கோப்பென்றால், எழுத்தின் மேல் சொடுக்கினாலே மேலே ஃபான்ட்டின் பெயர் தெரியும், அந்த ஃபான்ட் உங்களிடம் இல்லாவிட்டாலும்கூட. அந்தப் பெயரை சி.டி. உறையிலேயே எழுதி வையுங்கள். ஃபான்ட் கிடைத்தால் அதையும் கூடவே வையுங்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். சுரதா, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இதற்காகவே எழுதப்பட்டவை. மாற்றியதும் ஒருமுறை நிதானமாகப் படித்துத் திருத்துங்கள். அந்தக் காலத்தில் ரகரத்துக்குப் பதில் துணைக்காலும், ஔகாரக் குறிக்குப் பதில் ளகரமும் அடித்துவிடுவோம். தாளில் வித்தியாசம் தெரியாது, மாற்றும்போது எல்லாம் வெளியே வந்துவிடும். மூலக் கோப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்க வேண்டாம்.

இதைப் பேரப்பிள்ளைகளிடம் முழுதாக ஒப்படைத்துவிட முடியாது. மாற்றுகிற வேலையை அவர்கள் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார்கள். ஆனால் அந்த வருடம் எந்தக் கடையில் அடித்தோம், என்ன ஃபான்ட் வைத்திருந்தார்கள், திரையில் வந்த பெயர் வயலின் பெயரா எழுத்துப் பிழையா என்று சொல்லக்கூடியவர்கள் நாம்தான். நமக்கெல்லாம் எழுபது ஆகிறது. சி.டி.க்கும் ஆயுள் உண்டு. அலமாரியைத் திறந்து, ஒரே ஒரு கோப்பை எடுத்துப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.